தலை குனிந்து படித்த பெயர்கள்

ஜூலை 28, திங்கள்

இன்று என்னை இரண்டாம் மாடியின் பிரதிநிதி ஆக்கிவிட்டார்கள். நான் கேட்கவில்லை. விடுதிக் கூட்டத்தில் ஒவ்வொருத்தியும் எனக்கு ப்ராஜெக்ட், எனக்குக் கோச்சிங் என்று காரணம் சொல்லி நழுவினாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. அதையே சம்மதம் என்று எடுத்துக்கொண்டு கை தட்டினார்கள்.

குழாயில் தண்ணீர் வராவிட்டால் போய்ச் சொல்ல வேண்டும். மெஸ் கமிட்டியில் உட்கார வேண்டும். தினமும் மாலை ஏழு மணிக்கு மாடிப்படி அருகே நின்று வருகைப் பெயர்களைப் படிக்க வேண்டும். எல்லாரும் அவரவர் அறை வாசலில் நின்று பதில் சொல்வார்கள்.

போன வருடம் பிரதிநிதியாக இருந்த கற்பகவல்லி அக்கா வேலையைச் சொல்லிக்கொடுத்தார்.

"தலையை நிமித்தாத. பேரைப் படி. குரல் வந்தா டிக் போடு. அவ்ளோதான்."

"யாரு குரல்னு பாக்க வேணாமாக்கா?"

"பாத்தா நீ சாட்சி. கேட்டா வெறும் காது. காதை யாரும் விசாரணைக்குக் கூப்பிட மாட்டாங்க."

லைப்ரரியிலோ பஸ்ஸிலோ மாட்டிக்கொண்டவளுக்காக அறைத்தோழி பதில் சொல்வதற்கு இங்கே 'குரல் குடுக்கறது' என்று பெயர். எல்லா மாடியிலும் உண்டாம். பிரதிநிதி தலை நிமிராமல் இருப்பதுதான் அதற்கு அவள் செய்யும் உதவி.

முதல் நாளே என் சத்தம் மூன்றாவது வாசலைத் தாண்டவில்லை. கடைசி அறையிலிருந்து ஜெசிந்தா கத்தினாள். "ஏட்டி தெய்வான, சத்தமாப் படி! துட்டி வீட்ல பேசுத மாரில்லா இருக்கு!"

துட்டி வீடு என்றால் அவள் ஊரில் சாவு வீடு. எல்லாரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது.

அப்பாவிடம் போனில் சொன்னேன். ஜவ்வரிசி ஆலையில் மூட்டை இறக்கிக்கொண்டே பேசினார். "லீடரா கண்ணு?" என்று கேட்டுவிட்டு, பக்கத்தில் இருந்த யாரிடமோ, "எங்க பாப்பா லீடராம்யா" என்றார். நான் திருத்தவில்லை.

ஆகஸ்ட் 1, வெள்ளி

குனிந்தே படிப்பதால் குரல்கள் பழகிவிட்டன. இந்துமதி மூக்கால் பேசுவாள். சபூரா பெயர் முடிவதற்குள் பதில் சொல்லிவிடுவாள். எல்லாரும் "பிரசன்ட்" என்பார்கள். ஜெசிந்தா மட்டும் "இருக்கேன்" என்பாள். தொண்டையில் கடற்கரை மணல் கொஞ்சம் தங்கிவிட்டது போன்ற கரகரப்பு. அந்தக் குரலுக்காகவே ஒரு மெல்லிசைக் குழுவில் அவளைச் சேர்த்துக்கொண்டிருக்கிறார்கள். சனிக்கிழமைகளில் பாடப் போவாள். வார்டனுக்குத் தெரியாது. அவள் வீட்டுக்கும் தெரியாது. எம்.ஏ. வரலாறு. அப்பா கடலுக்குப் போகிறவர்.

பாட்டனி வகுப்புக்கு ஹெர்பேரியத்தில் ஒட்டப் பறித்த தும்பையும் குப்பைமேனியும் சரியாகக் காயவில்லை. காகிதம் மாற்றி வைத்தேன்.

ஆகஸ்ட் 2, சனி

ஜெசிந்தா கச்சேரிக்குப் போனாள். சபூரா குரல் கொடுத்தாள். டிக் போட்டேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

கச்சேரிக்குப் போனால் ஜெசிந்தா எப்போதும் மறுநாள் காலை டிபனுக்கு வந்துவிடுவாள். இன்று வரவில்லை. மாலையிலும் சபூராதான் குரல் கொடுத்தாள்.

மெஸ்ஸில் பூரி. துணி துவைத்தேன். காயவில்லை.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

ஜெசிந்தா இன்னும் வரவில்லை. போன் அணைந்து கிடக்கிறது. சபூராவும் அவளும் ஒரே அறை. போய்க் கேட்டேன். சபூரா கதவைச் சாத்திவிட்டுத்தான் பேசினாள்.

"ஓடிப் போயிட்டாடி. வேற என்ன?"

"யாரோட?"

"கீபோர்டு வாசிக்கிறவன்னு ஒருத்தன். எப்பப் பாரு 'கீபோர்டு சார் இப்படிச் சொன்னாங்க, அப்படிச் சொன்னாங்க'ன்னுதான பேசுவா? கல்யாணம் முடிஞ்சதும் அவளே கூப்பிடுவா. அதுக்குள்ள நாம வாயைத் தொறந்தா அவங்கப்பா வெட்டிப் போட்ருவாரு."

"அவ அப்படிச் சொன்னாளா?"

"ஓடிப் போறவ சொல்லிட்டா போவா? என்னடி நீ!"

எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. ஓடிப்போன பெண்ணைக் காட்டிக்கொடுத்த பாவம் நமக்கு வேண்டாம். நான்கு நாட்களாக டிக் போட்டவள் என்பதால் இப்படி எழுதவில்லை.

ஆகஸ்ட் 7, வியாழன்

ஜெசிந்தா வந்துவிட்டாள்!

ஏழு மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. சத்தத்தில் நான் கத்திப் படிக்க வேண்டியிருந்தது. அவள் பெயரைச் சொன்னதும் கடைசி வாசலிலிருந்து "இருக்கேன்" என்று கேட்டது. சபூராவின் குரல் இல்லை. அதே கரகரப்பு. எனக்கு மனசு லேசாகிவிட்டது. டிக் போடும்போது பேனாவை அழுத்திவிட்டேன்.

முடிந்ததும் அவள் அறைக்கு ஓடினேன். உள்ளே யாரும் இல்லை. அவள் கட்டிலில் மடித்து வைத்த போர்வை அப்படியே இருந்தது. சபூரா நனைந்த துணிகளோடு மொட்டைமாடியிலிருந்து இறங்கி வந்தாள்.

"எங்க அவ?"

"எவ?"

"ஜெசிந்தா. இப்பக் குரல் குடுத்தாளே."

"எனக்கு டிக் போட்டுட்டியா? மழை வந்துச்சுன்னு துணி எடுக்க ஓடிட்டேன். அவளுக்கு யாராச்சும் குடுத்திருப்பாங்க. விடு."

விட்டுவிட்டேன்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

சபூராவிடம் முன்கூட்டியே சொல்லி வைத்தேன். இன்று நீ குரல் கொடுக்காதே, வேறு யார் கொடுக்கிறார்கள் என்று கேட்போம். சரி என்றாள்.

பெயரைப் படித்தேன். "இருக்கேன்."

சிலர் சிரித்தார்கள். "யாருடி மிமிக்ரி பண்றது? அப்படியே இருக்கு!" என்றாள் இந்துமதி. ஒருத்தி இன்னொருத்தியைக் காட்டினாள். அவள் அடுத்தவளைக் காட்டினாள். யாரும் ஒப்புக்கொள்ளவில்லை.

நேற்று கடைசி வாசலிலிருந்து கேட்டது. இன்று அதற்கு நான்கைந்து வாசல் இந்தப் பக்கம்.

ஆகஸ்ட் 9, சனி

இன்று யாரும் சிரிக்கவில்லை. பெயரைப் படித்ததும் நடைவழி முழுவதும் அமைதி. பிறகு குரல். நடு வாசல்களுக்கும் இந்தப் பக்கம். அந்த இடத்தில் நின்றிருந்த பெண்கள் சட்டென்று அறைக்குள் போய்விட்டார்கள். செருப்புச் சத்தம் கேட்டது. நான் நிமிரவில்லை.

சுதந்திர தின விழாவுக்கு மாடிக்கு இரண்டு பேர் அணிவகுப்பில் நிற்க வேண்டுமாம். பெயர் கேட்டு அறை அறையாகப் போனேன். என்னிடம் யாரும் நின்று பேசவில்லை. ஒரு முதலாண்டுப் பெண், "அக்கா, அந்தப் பேரை மட்டும் படிக்காம விட்டுருங்கக்கா" என்றாள். படிக்காமல் விட்டால் அந்தக் கட்டம் காலியாக இருக்கும். காலியாக இருந்தால் ஆபீசில் கேட்பார்கள்.

அப்பா பேசினார். "லீடர்னா சீட்டுக்கு ஒண்ணும் பயமில்லயே? இன்னம் ரெண்டு வருசம் எடுக்க மாட்டாங்கல்ல?" வெளியே அறை எடுத்துப் படிக்க வழியில்லை. விடுதி போனால் படிப்பும் போகும். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். "எடுக்க மாட்டாங்கப்பா" என்றேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

"இருக்கேன்." மூன்றாவது வாசல்.

ஆகஸ்ட் 11, திங்கள்

ஜெசிந்தாவின் அம்மா சபூராவுக்குப் போன் செய்தார். சபூரா இரண்டு வார்த்தை பேசிவிட்டு, நெருப்பைத் தொட்டவள் போலப் போனை என் கையில் திணித்தாள்.

"நீதான் பேர் படிக்க பிள்ளையாம்மா?"

"ஆமாங்கம்மா."

"அவ போனு கெட்டுப் போச்சுன்னு சபூராப் பிள்ள சொல்லுது. எனக்கு மனசு கேக்கல. இன்னிக்கு ஆபீசுக்கு அடிச்சுக் கேட்டேன். தெனமும் இருக்கா, நேத்தும் இருந்தா, டிக் போட்ருக்குன்னு சொன்னாவ. அப்பந்தான் எனக்கு உசுரே வந்துச்சு. அவ அப்பா வேற, பொறப்பட்டுப் போவட்டான்னு நின்னாவ. வேண்டாம், கடலுக்குப் போங்கன்னு அனுப்பி வச்சிட்டேன்."

போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"எம்மேல எதும் கோவமாம்மா அவளுக்கு? வீட்டுக்கு வந்தப்ப, பாட்டுக்கீட்டுன்னு அலையாதட்டின்னு ஏசிட்டேன். அதான் பேச மாட்டேங்காளோ?"

"கோவமெல்லாம் இல்லங்கம்மா. பரீட்சை."

"சாப்பிடுதாளா?"

"ம்."

நான் பொய் சொல்லவில்லை என்றுதான் முதலில் இங்கே எழுதினேன். அதை அடித்துவிட்டேன். அவருடைய கணவர் புறப்பட நின்றிருக்கிறார். என்னுடைய டிக்கைக் காட்டி அவரைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

மாலையில் படிக்கும்போது குரல் என் முன்னாலேயே கேட்டது. கை நீட்டினால் தொடலாம். குனிந்திருந்த என் கண்ணில் சிமெண்ட் தரை மட்டும்தான் பட்டது. அங்கே பாதங்கள் இருந்திருக்க வேண்டும்.

டிக் போட்டேன்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

நடந்ததை அப்படியே எழுதுகிறேன். நாளை கேட்பார்கள்.

ஏழு மணிக்கு நின்றேன். மற்ற பெயர்களைக் குனிந்தே படித்தேன். அவள் பெயர் வந்ததும் நிமிர்ந்துகொண்டேன். வாசலில் நின்றவர்கள் ஒவ்வொருவராக என்னைப் பார்த்தார்கள். பிரதிநிதி நிமிர்ந்து யாரும் பார்த்ததில்லை. சபூரா துப்பட்டாவை வாயில் அழுத்திக்கொண்டிருந்தாள்.

"ஜெசிந்தா" என்றேன். கடைசி வாசல்வரை கேட்டது.

"இருக்கேன்."

என் முகத்துக்கு நேரே. எல்லா வாய்களையும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் அசையவில்லை. எனக்கும் முதல் வாசலுக்கும் நடுவில் விளக்கு வெளிச்சமும் காலி இடமும். கன்னத்தில் ஒரு மூச்சு பட்டது. மருந்து வாசனை.

எனக்கு அந்தக் குரலிடம் கோபம் வந்தது. இத்தனை நாட்கள் அது சொன்னதை நம்பித்தான் நான் சும்மா இருந்தேன்.

"நீ இங்க இல்ல" என்றேன். எல்லாருக்கும் கேட்கும்படி. கட்டத்தில் 'வரவில்லை' என்று எழுதினேன். யாரோ ஒருத்தி அழ ஆரம்பித்தாள். நான் அப்படியே படி இறங்கி வார்டன் அறைக்குப் போனேன்.

"மேடம், ரெண்டாவது மாடி ஜெசிந்தா போன சனிக்கிழமைக்கு முந்தின சனிக்கிழமையிலேருந்து இல்ல. நான்தான் டிக் போட்டேன்."

வார்டன் கண்ணாடியைக் கழற்றினார். "என்னம்மா சொல்ற? உட்காரு. முதல்லேருந்து சொல்லு."

குரல் கொடுத்ததையும் கச்சேரியையும் சொன்னேன். ஏழாம் தேதிக்குப் பிறகு யார் குரல் கொடுத்தார்கள் என்று கேட்டார். தெரியாது என்றேன். அது ஒன்றைத்தான் அவர் நம்பவில்லை.

ஆகஸ்ட் 13, புதன்

காலையிலேயே போலீஸ் வந்தார்கள். கீபோர்டு வாசிப்பவரையும் அழைத்து வந்தார்கள். வழுக்கைத் தலை, நெற்றி நிறைய விபூதி, பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள். அவர் கையெடுத்துக் கும்பிட்டபடியே பேசினார். "கச்சேரி முடிஞ்சு விடியக்காலம் பஸ் ஸ்டாண்டுல இறக்கி விட்டேங்க. அடுத்த வாரம் வரல. வேற ட்ரூப்புக்குப் போயிட்டான்னு நெனச்சேன்."

மதியத்துக்குள் கண்டுபிடித்துவிட்டார்கள். பஸ் ஸ்டாண்டு எதிரே சாலையைக் கடக்கும்போது ஏதோ வண்டி மோதியிருக்கிறது. பையும் போனும் அவளிடம் இல்லை. பெரியாஸ்பத்திரியில் அடையாளம் தெரியாத பெண் என்று சேர்த்திருக்கிறார்கள். எங்கேயும் காணவில்லை என்று புகார் இல்லாததால் யாரோடும் பொருத்திப் பார்க்க முடியவில்லையாம். உயிர் இருக்கிறது. நினைவு இல்லை.

யாரும் அவளைத் தேடவில்லை. தேட வேண்டாம் என்று தினமும் ஏழு மணிக்கு நான் எழுதிக்கொடுத்துக்கொண்டிருந்தேன்.

என்னைப் பிரதிநிதி வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். திங்கள்கிழமை விசாரணை. அதுவரை வளாகத்தை விட்டு வெளியே போகக் கூடாது. ஒரு மாலை வருகை தவறினாலும் அறையைக் காலி செய்ய வேண்டும். இனி இந்துமதிதான் படிப்பாள். ஒவ்வொரு முகத்தையும் பார்த்துப் படிக்க வேண்டும் என்று உத்தரவு.

அப்பாவுக்குப் போன் செய்தேன். எல்லாம் சொன்னேன். ஆலை இயந்திரச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, "அந்தப் புள்ள பொழச்சிக்குமா கண்ணு?" என்றார்.

ஆகஸ்ட் 14, வியாழன்

வார்டன் என்னையும் சபூராவையும் பல்கலைக்கழக வேனில் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். அடையாளம் சொல்ல என்றார்கள். அதற்குள் அவள் அம்மா வந்துவிட்டிருந்தார்.

தலை மழிக்கப்பட்டிருந்தது. கண் பாதி திறந்திருந்தது. கட்டிலின் தலைமாட்டில் பெயர் எழுதும் இடத்தில் நேற்றுத்தான் பெயர் எழுதியிருக்கிறார்கள். மை புதிதாக இருந்தது.

அவள் அம்மா என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். "பேர் படிக்க பிள்ளை நீதானா?" என்று மட்டும் கேட்டார். என் கையைப் பிடித்து அவள் கைமேல் வைத்தார். அதற்குத் திட்டியிருக்கலாம்.

மாலைப் பணிக்கு வந்த நர்ஸ் எங்களைப் பார்த்து, "இந்தப் பொண்ணு என்ன படிக்குது?" என்றார். சொன்னோம்.

"ஹாஸ்டலா? அதான் கேட்டேன். வந்த புதுசுல ஒண்ணும் இல்ல. போன வியாழக்கிழமை, நல்ல மழை அன்னிக்கி, திடீர்னு 'இருக்கேன்'னுச்சு. எனக்குத் தூக்கி வாரிப் போட்ருச்சு. அதுலேருந்து டெய்லி. ஏழு மணிக்கு ட்ரிப்ஸ் மாத்த வருவேன், கரெக்டா அப்பதான். யாரோ கூப்பிட்ட மாதிரி. அந்த ஒரு வார்த்தைதான். டாக்டர்கூட நல்ல அறிகுறின்னாரு."

சபூரா என் முழங்கையைப் பற்றிக்கொண்டாள். அவள் நகம் பதிந்தது.

"இன்னிக்கும் சொல்லுவாளா சிஸ்டர்?" என்றார் அம்மா.

நர்ஸ் தயங்கினார். "செவ்வாக்கிழமை சொல்லுச்சும்மா. நேத்து சொல்லல. நேத்துலேருந்து நாடியும் கொஞ்சம் எறக்கமாத்தான் இருக்கு. பாப்போம்."

வார்டனே கூட இருந்ததால் இன்றைய வருகைக்கு எங்களுக்கு விலக்கு; ஏழு மணிவரை நின்றோம். அவள் காதருகே குனிந்து, படிப்பது போலவே, "ஜெசிந்தா" என்றேன். உதடு அசையவில்லை. இரண்டாம் முறை, மூன்றாம் முறை. வார்டன் என் தோளைத் தொட்டு, "போதும்மா" என்றார்.

வேனில் சபூரா, "நீ எழுதினதுனால இல்லடி" என்றாள். நான் அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை.

எழுதாமல் இருந்திருந்தால் யாரும் கண்டுபிடித்திருக்க மாட்டார்கள். எழுதினேன், அவள் பதில் சொல்வதை நிறுத்திவிட்டாள். 'நீ இங்க இல்ல' என்று நான் சொன்னபோது அவளுக்கு அது எங்கே கேட்டிருக்கும்?

ஆகஸ்ட் 15, வெள்ளி

காலையில் கொடியேற்றினார்கள். எங்கள் மாடியிலிருந்து அணிவகுப்பில் யாரும் நிற்கவில்லை. ஆரஞ்சு மிட்டாய் கொடுத்தார்கள்.

மதியம் சபூராவிடம் சொன்னேன்.

"நான் ஆஸ்பத்திரிக்குப் போறேன். ஏழு மணிக்கு அவகிட்ட இருக்கணும்."

"லூசாடி நீ? இன்னிக்கு வருகையில இல்லன்னா சீட்டு போச்சு. உங்கப்பாவ நெனச்சுப் பாரு."

"நெனச்சுட்டேன். என் பேருக்கு யாரும் குரல் குடுக்க வேணாம். வரலைன்னே எழுதட்டும். குடுத்த, உன்னோட பேசவே மாட்டேன்."

விழாவுக்கு வந்தவர்கள் கலையும் கூட்டத்தோடு கேட்டைத் தாண்டி வந்து பஸ் ஏறினேன்.

ஏழு மணிக்குக் கூப்பிட்டேன். முதலில் மெதுவாக, பிறகு உரக்க. பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் அம்மா, "கூப்பிடும்மா, இன்னும் சத்தமாக் கூப்பிடு" என்று என் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். சத்தமாகக் கூப்பிட்டேன். அவள் எங்கேயோ காது கொடுத்துக்கொண்டிருப்பவள் போலக் கிடந்தாள். ஒரு நொடி உதடுகள் பிரிந்தன. சத்தம் வரவில்லை. நான் அதை மூச்சு என்றுதான் நினைத்தேன்.

விடுதிக்குத் திரும்பியபோது வாட்ச்மேன் திட்டுவார் என்று நின்றேன். அவர் வருகைப் பதிவேட்டைப் பார்த்துவிட்டு, "உள்ளதான் இருந்தன்னு போட்ருக்கு, எப்ப வெளிய போன?" என்று குழம்பினார்.

சபூரா மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள். எனக்கு ஆத்திரம் வந்தது.

"வேணாம்னு சொன்னேன்ல?"

"நான் குடுக்கலடி. அல்லாமேல சத்தியமா. வாயைத் தொறக்கலாமான்னு நெனச்சுட்டுதான் நின்னேன். அதுக்குள்ள..."

"அதுக்குள்ள என்ன?"

"இந்துமதி நிமிந்துதான் படிச்சா. உன் பேரைப் படிச்சுட்டு உன் வாசலைப் பாத்தா. நாங்க எல்லாரும் பாத்தோம். யாருமே இல்ல. அங்கேருந்து வந்துச்சு."

"என்னன்னு?"

"இருக்கேன்னு."

"யார் குரல்?"

சபூரா என்னைப் பார்த்தாள். "உனக்குத் தெரியாததா?" என்றாள்.

இந்துமதியின் அறைக்குப் போய், நான் வளாகத்திலேயே இல்லை, மாற்றி எழுது என்றேன். முடியாது என்றாள். "குரல் வந்துச்சு. நான் மட்டுமில்ல, மாடியே கேட்டுச்சு. மாத்தி எழுத எனக்குப் பயமா இருக்கு." வார்டனிடம் நாளைக் காலை நானே போய்ச் சொல்லிக்கொள்கிறேன் என்று திரும்பிவிட்டேன். அறை போனால் போகட்டும்.

ஆஸ்பத்திரியில் அவள் உதடு பிரிந்த நேரமும் இங்கே என் பெயரைப் படித்த நேரமும் ஒன்றுதான். தன் பெயருக்கு இனிப் பதில் சொல்லக் கூடாது என்று அவள் நினைத்திருக்கிறாள். நான்தான் அப்படிச் சொன்னேன். என் பெயருக்குச் சொல்லக் கூடாது என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை.

நாளை ஏழு மணிக்கு அவள் காதருகே குனிந்து, தெய்வானை என்று கூப்பிடப் போகிறேன்.